செய்தி கேட்டுக்கொண்டிருந்தவர்கள்

குத்திவிட்டான்.

சத்தம் வடக்கே. ஆமி முகாமில் செல் குண்டு புறப்படுகிற சத்தம். தும். அவ்வளவுதான். உரலில் ஒரு போடு போட்டது போல. நிலத்துக்குள்ளால் வருகிறது. நான் பங்கர் வாசலில் குந்தியிருக்கிறேன். உள்ளங்கால்தான் முதலில் அறிகிறது. பிறகுதான் காது.

"குத்திட்டான்! விழுந்து படுங்கோ!"

முற்றத்தில் ஒருவரும் திரும்பவில்லை. சைக்கிளின் பின் சில்லு சுற்றுகிறது. டைனமோ ஊளையிடுகிறது. அதற்கு மேலால் றேடியோ. அரசாங்கச் செய்தி. பெண் குரல். அமைதியான குரல். நான் எழும்பி ஓடுகிறேன்.

"நிப்பாட்டு அண்ணை! குத்திட்டான்!"

அண்ணையின் முதுகுதான் தெரிகிறது. மிதித்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சி மட்டும் என் பக்கம் திரும்பினாள். என்ன என்பது போலத் தாடையை உயர்த்தினாள்.

கூவிக்கொண்டு வந்தது. பிறகு கூவல் நின்றது. கூவல் நின்றால் அது எங்களுக்கு. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

விழுந்தது.

அது ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. பின்னேரச் செய்தி நேரம். இன்னும் வெயில் இருந்தது. தோட்டத்தில் பாதி வெங்காயம் கிண்டிக் கிடந்தது. மற்றப் பாதி மண்ணுக்குள் இருந்தது. எங்கள் ஊர் உடுவிலுக்கு அங்கால். செம்மண் தோட்டம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. இப்போது ஐம்பதை எட்டுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஆட்கள் கூடிய இடத்தில் கதைக்கவும் வராது. இருந்தும் எழுதுகிறேன். அன்றைக்கு என் வீட்டு முற்றத்தில் செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை உள்ளபடி ஒரு இடத்தில் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு காலமும் அதை வேறு ஆட்கள்தான் சொல்லி வருகிறார்கள். ஒருவர் சொன்னதும் சரியில்லை.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பற்றரி தடை. அரசாங்கம் போட்ட தடை. மண்ணெண்ணெய் தடை. சவர்க்காரம், மெழுகுதிரி, சீமெந்து தடை. யூரியா தடை. வெங்காயத் தாள் வெளிறிப் படுத்தது. எங்கோ ஒரு கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்தவர் எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம் என்று தீர்மானித்தார். எங்கள் உடுப்பு எவ்வளவு அழுக்காக இருக்கலாம் என்றும் தீர்மானித்தார். அவரை நாங்கள் கண்டதில்லை. அவரும் எங்களைக் கண்டதில்லை. பற்றரியால் கண்ணிவெடி செய்யலாம் என்பது அவர் சொன்ன காரணம். கண்ணிவெடி செய்தவர்களுக்குப் பற்றரி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. றேடியோ கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கவில்லை.

அதனால் சைக்கிள். பின் சில்லைத் தூக்கி ஸ்ராண்டில் நிறுத்துவோம். டைனமோவைச் சில்லோடு சாய்ப்போம். டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்கு. ஒரு ஆள் ஏறி இருந்து மிதிக்க வேண்டும். மிதித்தால் செய்தி. கால் ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இழுபட்டுப் போகும். நின்றால் அவரும் நிற்பார். குடாநாடு முழுக்க இப்படித்தான் செய்தி கேட்டது.

இதைச் சொல்லிச் சிரிக்கிற ஆள் பொன்னையா அண்ணை. அடுத்த வளவு. புகையிலைத் தோட்டக்காரர். பெண்சாதி இல்லை. ஒரு மகள், பவானி. நல்லூரில் ரியூசனுக்குப் போய் வந்தவள். அவள் எங்கள் முற்றத்துக்கு வந்தால் நான் முற்றத்தில் நிற்க மாட்டேன். அண்ணை மிதித்துக் களைத்து வேகம் குறைகிற நேரம் பொன்னையா அண்ணை வேலியடியிலிருந்து கத்துவார்.

"மிதியடா தம்பி. அரசாங்கத்துக்கு மூச்சு வாங்குது. நாங்கள் மிதிச்சால்தானே உவையளுக்குப் பொய் சொல்ல ஏலும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நான் பங்கருக்குள் இருந்து சிரிப்பேன்.

டைனமோ சுற்றுகிற சத்தத்தில் முகாமில் குத்துகிற சத்தம் கேட்காது. இது எங்களுக்குத் தெரியும். செல் புறப்படுகிற அந்தத் தும்முக்கும் வந்து விழுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. கிணற்றடியில் நிற்கிறவர் பங்கருக்குள் பாய்ந்துவிடலாம். அந்த நேரத்தை வைத்துத்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். ஆகையால் சைக்கிள் ஓடும்போது ஒருவர் தூரப் போய் ஒழுங்கை பெருந்தெருவில் ஏறுகிற முகப்பில் நிற்பார். காதுக்கு நிற்கிறது என்று சொல்வோம். அவர் செய்தி கேட்க மாட்டார். வடக்கைத்தான் கேட்பார். எங்கள் வீட்டுக்குப் பொன்னையா அண்ணைதான் காதுக்கு நிற்பவர். அவர் கை தூக்கினால் அண்ணை காலை எடுப்பார். எல்லாரும் பங்கருக்குள். எத்தனையோ பின்னேரங்கள் அப்படித் தப்பினோம்.

அந்தக் கிழமை முழுக்கச் செல். மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு வீடு போனது. கோயில் மடப்பள்ளி போனது. தென்மராட்சிப் பக்கம் சனம் நடக்கத் தொடங்கிவிட்டது. அம்மா மூட்டை கட்டிவிட்டா. போவதா, இருப்பதா. அது ஒன்றுதான் கேள்வி. கொடிகாமத்தில் அம்மாவின் தமையன் வீடு இருந்தது. ஒரு இரவு நடந்தால் போய்விடலாம்.

அதற்கு முந்தியே குடாநாட்டைவிட்டுப் போகிற யோசனை அண்ணைக்கு இருந்தது. வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து எங்காவது. அதற்கு, குடாநாட்டை அப்போது ஆயுதத்தோடு ஆண்டுகொண்டிருந்த இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் கந்தோரில் பிணை கேட்டார்கள். ஒரு ஆள் போக வேண்டுமென்றால் இன்னொரு ஆளை இங்கே விட வேண்டும். நகையை அடைவு வைப்பது போல. அண்ணை போனால் நான் பிணை. நான் போனால் அண்ணை பிணை. தங்கச்சியைத் தனியே அனுப்ப அம்மா விடமாட்டா. அண்ணை அந்தக் கந்தோரால் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார். பிறகு தோட்டத்துக்குப் போனார்.

எங்களுக்கு அப்போது இரண்டு அரசாங்கம். ஒன்று வானத்திலிருந்து குண்டு போட்டது. மற்றது படலையில் நின்று போகாதே என்றது. இரண்டு பேரும் எங்களுக்காகத்தான் செய்வதாகச் சொன்னார்கள். எங்களை ஒருவரும் கேட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் வந்தது. இயக்கத்தின் வாகனம். எதிரியின் நடவடிக்கை முறியடிக்கப்பட்டுவிட்டது. முகாமை விட்டு அவன் வெளியே வர இயலாது. மக்கள் இடம்பெயரத் தேவையில்லை. வதந்தியைப் பரப்புகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். திரும்பத் திரும்ப இதையே சொன்னது. மூட்டை கட்டிய சனத்தைச் சந்தியில் மறித்துத் திருப்பினார்கள் என்றும் கேள்விப்பட்டோம்.

அம்மா நம்பவில்லை. அரசாங்கச் செய்தி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போவோம் என்றார் அண்ணை. இரண்டு பேரும் எதிரிகள். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நானும் அதைச் சரியென்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அது புத்தியுள்ள பேச்சாகத்தான் படுகிறது.

பின்னேரம் சைக்கிளை ஏற்றினோம். அண்ணை மிதித்தார். தங்கச்சி வசந்தி றேடியோவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பவானியும் வந்தாள். நான் பங்கர் வாசலுக்குப் போய்விட்டேன். அம்மா குசினிக்குள் அடுப்படியில். பொன்னையா அண்ணை ஒழுங்கை முகப்பில்.

செய்தி தொடங்கியது. குடாநாட்டில் இராணுவ நடவடிக்கை வெற்றிகரமாக முடிவடைந்துவிட்டது. பொதுமக்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. மக்கள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டார்கள். ஷெல் வீச்சு எதுவும் நடைபெறவில்லை.

இரண்டும் ஒன்றைத்தான் சொல்லின.

அண்ணை மிதித்தபடியே பொன்னையா அண்ணையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். முடிஞ்சுதாம், வந்து கேளுங்கோ என்றார். பொன்னையா அண்ணை வேலியைத் தாண்டி வந்தார். வரும்போதே பகிடி. நானும் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பப் போறன், ஒரு சுருட்டுத் தா என்றார். பவானி சிரித்தாள். அவர் றேடியோவுக்கு மேல் குனிந்தார். ஒழுங்கை முகப்பில் ஒருவரும் இல்லை. காதுக்கு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

புழுதி. செம்மண் புழுதி. வாய்க்குள் மண். சத்தம் இல்லை. காது அடைத்துவிட்டது. நான் நிலத்தில் கிடக்கிறேன். மாமரம் இருந்த இடத்தில் வானம். எழும்பினேன். முதலில் கண்டது சைக்கிள் சில்லு. வேலிக்கு மேல் தொங்கியது. அண்ணையை அடையாளம் கண்டது உடுத்திருந்த சாரத்தால். தங்கச்சி முழுதாக இருந்தாள். நித்திரை போல. முதுகுப் பக்கம் திருப்பியபிறகுதான் தெரிந்தது. பவானியின் செருப்பு. பவானி கொஞ்சம் தள்ளி. பொன்னையா அண்ணைக்கு மூச்சு இருந்தது. என் கையைப் பிடித்தார். ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. காது திறந்தபோது அவர் முடிந்துவிட்டார்.

அம்மா குசினி வாசலில் நின்றா. கையில் மூட்டை.

அடுத்த செல் குத்தியிருப்பான். எனக்குத் தெரியாது. அம்மாவை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்தேன். இருட்டும் வரை அடித்தான்.

சுடலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த நாள் விடிய எங்கள் பனங்காணியிலேயே எரித்தோம். விறகு போதவில்லை. வெங்காயக் கொட்டிலைப் பிரித்துக் கப்பும் வளையுமாய் இருந்த மரத்தை எடுத்தேன். நாலு பேரையும் ஒன்றாக வைத்தோம். பிராமணர் வரவில்லை. அவரும் ஓடிவிட்டார். கொள்ளி நான் வைத்தேன். பொன்னையா அண்ணைக்கும் பவானிக்கும் நானே வைத்தேன். வைக்க வேறு ஒருவரும் இல்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை.

அன்று பின்னேரம் சந்திக்கடையில் யாரோ சைக்கிள் மிதித்தார்கள். நான் தெருவில் நின்று கேட்டேன். உடுவில் பகுதியில் பயங்கரவாதிகளின் தொலைத்தொடர்பு நிலையம் ஒன்று தாக்கி அழிக்கப்பட்டது. அதே பெண் குரல். அதே அமைதி. தொலைத்தொடர்பு நிலையம் என்றது எங்கள் சைக்கிளை. அந்த இடத்தில்தான் நான் தெருவிலேயே குந்திவிட்டேன். எரித்தபோது நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு இயக்கப் பொடியள் வந்தார்கள். படம் எடுத்தார்கள். மரியாதையாகக் கதைத்தார்கள். அடுத்த கிழமை சந்தியில் நோட்டீஸ். நாலு பேரின் பெயரும் அதில். மண்ணுக்காகத் தங்கள் இன்னுயிரை ஈந்தவர்கள் என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்கு அந்தச் செல்லோடு ஒரு காது போய்விட்டது. மற்றக் காதில் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு எழும்பி நேரே பொடியளின் காவலரணுக்குப் போனா. நான் பின்னால் போனேன்.

"ஆர் தம்பி சொன்னது என்ரை பிள்ளையள் மண்ணுக்காகச் செத்ததெண்டு? அவையள் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவையள். போகச் சொல்லியிருந்தால் போயிருப்பினம். நீங்கள்தானே இருக்கச் சொன்னனியள்."

காவலரணில் தோளில் துவக்கோடு இருந்தவனுக்கு என் வயது இருக்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உப்பிடி வெளியிலை கதையாதேங்கோ அம்மா. எனக்குப் பரவாயில்லை. மற்ற ஆக்கள் கேட்டால் பிரச்சினை."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அம்மா அதற்குப் பிறகு வெளியில் கதைக்கவில்லை. வீட்டிலும் கதைக்கவில்லை.

அதன்பிறகு ஒரு மழை நாளில் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க எழும்பியது. இந்த முறை அதே ஒலிபெருக்கி எல்லாரையும் போகச் சொன்னது. உடனே போகச் சொன்னது. இருக்கச் சொன்னபோது போக விடவில்லை. போகச் சொன்னபோது இருக்க விடவில்லை. தெரு நிறையச் சனம். ஒரு அடி வைக்க இடமில்லை. மழைத் தண்ணீரைக் குடையில் ஏந்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அம்மாவைக் கைப்பிடியில் கொண்டுபோனேன். கொடிகாமத்தில் மாமா வீட்டில் ஏற்கெனவே எட்டுக் குடும்பம். பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. குளிசை இல்லை. மருந்தும் கட்டுப்பாட்டில் இருந்தது. கப்பல் வர வேண்டும் என்றார்கள். கப்பல் வரவில்லை. அம்மா விறாந்தையில் முடிந்தா. அந்த நேரமும் வடக்கே குத்துகிற சத்தம் கேட்டது. அவவுக்குக் கேட்டிராது.

திரும்பி வந்தபோது எங்கள் காணிக்குள் ஆமி வேலி போட்டு இருந்தது. சண்டை முடிந்தபிறகும் இருந்தது. சண்டை முடிந்தபிறகும் ஏன் வேலி முடியவில்லை என்று கேட்க நாங்கள் போகாத கந்தோர் இல்லை. பொதுத் தேவை என்றார்கள். பாதுகாப்பு என்றார்கள். என் காணியில் வெங்காயம் வைத்து ஆமி விற்றது. அதைச் சந்தையில் நானே கண்டேன். கடைசியில் விட்டார்கள். விட்டபோது வீடு இல்லை. அத்திவாரம் இருந்தது. கிணறு குப்பையால் நிரம்பியிருந்தது. பனை ஒன்றும் இல்லை. ஆமி பங்கருக்குத் தறித்திருக்கும்.

நான் மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போகிறேன். கலியாணம் செய்யவில்லை. தகரக் கொட்டில் போட்டு அந்தக் காணியிலேயே இருக்கிறேன். போன வருடம் முற்றம் இருந்த இடத்தில் ஒரு கல் நாட்டினேன். சின்னக் கல். என் காணி. என் கல். என் சனம். யாரிடமும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கல்லில் நாலு பெயர். தேவராசா. வசந்தி. பொன்னையா. பவானி. கீழே ஒரு வரி. வீட்டு முற்றத்தில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது முகாமிலிருந்து அடித்த செல்லால் செத்தார்கள். கல் வெட்டியவர் செத்தார்கள் என்று போடலாமா, மறைந்தார்கள் என்று போடுவோமா என்றார். அவர்கள் எங்கும் மறையவில்லை என்றேன். நான் அன்றைக்குக் கதைத்தது அவ்வளவுதான்.

முதலில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடுப்பு. கல்லைப் படம் எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள். ஆர் காசு தந்தது, வெளிநாட்டில் ஆர் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். வெளிநாட்டில் எனக்கு ஒருவரும் இல்லை. அதை அவர்கள் நம்பவில்லை.

பிறகு பொலிசுக்குக் கூப்பிட்டார்கள். மர வாங்கில் நெடுநேரம் இருத்தினார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார். செல் முகாமிலிருந்துதான் வந்தது என்பதைக் கண்டாயா? சத்தம் வடக்கே கேட்டது என்றேன். அதற்குச் சாட்சி இருக்கிறதா என்றார். நாலு பேர் இருந்தார்கள் என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. புத்தி சொல்வது போலச் சொன்னார்.

"முகாம் எண்ட சொல்லை எடு. செல் எண்ட சொல்லையும் எடு. விபத்திலை எண்டு போடு. பிறகு ஒருத்தரும் உன்ரை படலைக்கு வராயினம்."

நான் எடுக்கவில்லை.

அதைக் கேள்விப்பட்டுக் காரில் ஆட்கள் வந்தார்கள். கட்சிக்காரர்கள். எலெக்சன் கிட்டிய நேரம். கைகொடுத்தார்கள். பெரிய கல்லாக நாட்டுவோம், விளக்கேற்றுவோம், தலைவர் வருவார் என்றார்கள். மண்ணுக்காக உயிர் நீத்தவர்கள் என்று மேலே வர வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டிய அதே வரி. நான் ஒலிபெருக்கி வாகனத்தைப் பற்றிச் சொன்னேன். எங்களைப் போக வேண்டாம் என்று சொன்னதையும் கல்லில் போடலாமா என்று கேட்டேன். வந்தவர் என் தோளில் கை வைத்தார். அதெல்லாம் இப்போது கதைக்கிற விஷயமில்லை, எதிரிக்குத்தான் வாய்ப்பாகும் என்றார். பிறகு அவர்கள் வரவில்லை.

பத்திரிகையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். நல்ல பிள்ளை. நான் சொன்னதெல்லாம் எழுதினாள். பேப்பரில் வந்ததில் ஒலிபெருக்கி இல்லை. வெங்காயம் விற்ற ஆமியும் இல்லை. நாலு பேர் செத்த சோகம் மட்டும் இருந்தது. போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாள். மேலே இருப்பவர்கள் வெட்டிவிட்டார்களாம். நான் பரவாயில்லைப் பிள்ளை என்றேன். அவளுக்கும் வேலை வேண்டும்.

போன மாதம் பொலிஸ் ட்ரக் வந்தது. கல்லைப் பிடுங்கி ஏற்றினார்கள். தடை உத்தரவு என்று ஒரு தாள் காட்டினார்கள். சிங்களத்தில் இருந்தது. நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கத்தில் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் வந்திருக்க மாட்டேன்.

துவக்கு வைத்திருப்பவனே செத்தவனுக்குப் பெயர் வைக்கிறான். துவக்கு கைமாறும். பெயர் வைக்கிற பழக்கம் மாறுவதை நான் காணவில்லை. நான் எழுதுகிற இதுவும் வெட்டுப்படலாம். வெட்டுப்படும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி எண்ணிக்கை.

ஒரு வீடு. ஒரு கிணறு. காணியில் நின்ற பனை எல்லாம். ஒரு மாமரம். பாதி கிண்டிய வெங்காயம். பொன்னையா அண்ணையின் வளவு. அதற்கு உரித்தாளி இல்லை. ஒரு கல்.

அண்ணை தேவராசா, இருபத்தாறு வயது. தங்கச்சி வசந்தி, பதினைந்து. பொன்னையா அண்ணை, ஐம்பதுக்கு மேல். பவானி, பதினேழு. பிறகு அம்மா.

அவர்களைக் கொன்றதைப் பற்றி இன்றுவரை ஒருவரையும் ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர்களின் பெயரை எழுதியதற்கு என்னை இரண்டு தரம் விசாரித்துவிட்டார்கள்.